வீட்டு இஞ்சி பீருக்கு இயற்கையாகச் சிவப்பு ஏற்றுவது எப்படி

வெந்நீரைச் சிவக்கவைக்கும் பதிமுகம் என்ற மரத்தின் சீவலை நான் முழுதாக நம்பினேன். ராசப்பா செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, நாலு சீவலை வெந்நீரில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் மாதுளை முத்து நிறத்துக்கு வந்துவிட்டது. அதை அப்படியே நொதித்த இஞ்சி பீரில் ஊற்றினேன். கண்ணெதிரே சிவப்பு கலைந்து, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறம் வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "இன்னா கண்ணு, டீத்தண்ணிய பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்க?" என்று கேட்டார்.

பதிமுகத்தில் எந்தக் குறையும் இல்லை. இஞ்சி பீர் புளிப்பான பானம். பதிமுகச் சாயம் சாதாரணத் தண்ணீரில்தான் சிவப்பு. புளிப்பில் அது மஞ்சள். எந்தச் சிவப்பை எடுத்தாலும், அது புளிப்பில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுத்தான் பாட்டில் பக்கம் போக வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு அடுப்படியில் பல பாட்டில்களுக்குப் பிறகு எனக்குப் பிடிபட்ட முறையைப் புதிதாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இது எந்த பீர்

இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை மூன்றும் தண்ணீரில் சேர்ந்து நொதித்து, தானாக வாயு பிடிக்கும் பானம் இஞ்சி பீர். பார்லி மால்ட்டில் காய்ச்சும் பீர் வேறு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இருக்கும் ஊரில் அதை வீட்டில் காய்ச்சக் கூடாது.

இஞ்சி பீரிலும் ஈஸ்ட் வேலை செய்கிறது, அதனால் துளி ஆல்கஹால் உண்டாகத்தான் செய்யும். எவ்வளவு என்பது நீங்கள் எத்தனை நேரம் வெளியே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டரில் 7, 8 கிராம் சர்க்கரை நொதித்தாலே மென்மையான நுரைக்குத் தேவையான வாயு கிடைத்துவிடும்; அந்த அளவு நொதிப்பில் உண்டாகும் ஆல்கஹால் அரை சதவீதத்தைச் சுற்றி இருக்கும், பாட்டிலில் அடைப்பதற்கு முன் நொதிப்பதில் உண்டாவது இதற்கு மேல். அங்கேயே நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நாலைந்து நாள் வெளியிலேயே விட்டால் மிச்சச் சர்க்கரையும் நொதித்து அது மதுவாகிவிடும், பாட்டிலும் தாங்காது. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மதுவைத் துளியும் தொடாதவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு நொதிக்காத வழி ஒன்று கடைசியில் இருக்கிறது.

கடையில் விற்கும் சிவப்புப் பொடியை ஒரு சிட்டிகை போட்டால் போதாதா என்று கேட்கலாம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது நினைவிருக்கும். ரோடமைன்-பி என்கிற, துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அதில் கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடியில் என்ன இருக்கிறது என்று நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தொட்டியில் பூத்த பூவில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். எனக்கு அது பெரிய விஷயம்.

தண்ணீரைச் சோதியுங்கள்

வடசென்னையில் ஒரே தெருவில் மூன்று வகைத் தண்ணீர் ஓடும். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர். மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் 2010இல் தொடங்கப்பட்டது. கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அது செம்பருத்திச் சிவப்பை ஊதாவாக்கி மங்க வைத்துவிடும்.

இதைச் செம்பருத்தியே காட்டிக் கொடுக்கும். நாலு பூவின் இதழைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் உங்கள் வீட்டுத் தண்ணீரையும், இன்னொன்றில் கேன் தண்ணீரையும் எடுத்து, இரண்டிலும் ஒரு ஸ்பூன் வடிநீரை விடுங்கள். எந்தத் தண்ணீர் நீலமாகவோ பச்சை கலந்தோ மாறுகிறதோ அது காரத்தன்மை உள்ளது, அதை விட்டுவிடுங்கள். இரண்டுமே ஊதாவாக நின்றால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், அது ஈஸ்டை அடக்கிவிடும். கொதிக்கவைத்து, ஆறவைத்து, பிறகு பயன்படுத்துங்கள்.

இஞ்சி முளை

பீரை நொதிக்கவைக்கும் இஞ்சி, சர்க்கரைக் கலவையைத்தான் இஞ்சி முளை என்கிறேன். இதற்குக் கடை ஈஸ்ட் தேவையில்லை. இஞ்சித் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் அரை லிட்டர் ஆறிய தண்ணீர், கழுவித் தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. மெல்லிய துணியால் மூடிக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுங்கள். நம் ஊர் வெக்கையில் மூன்றாம் நாளே மேலே குமிழ் வரும், மார்கழியில் ஐந்து நாள் ஆகலாம். காதை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தால் சன்னமாகச் சடசடவென்று கேட்கும். அதுதான் பதம். பஞ்சு போலப் பூசணம் படிந்தாலோ நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், மேலே வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

இஞ்சித் தண்ணீர்

இரண்டு லிட்டருக்கு 100 கிராம் இஞ்சியை நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். இரும்பும் அலுமினியமும் பூச்சாயத்தோடு சேர்ந்து நிறத்தைக் கருக்கவைத்துவிடும். இறக்கி 120 கிராம் சர்க்கரை கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவையுங்கள்.

சர்க்கரை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவற்றில் செய்த இஞ்சி பீரின் ருசி தனி. ஆனால் அவற்றின் பழுப்பு நிறத்துக்கு மேல் எந்தப் பூச்சாயமும் எழும்பாது. சிவப்பு வேண்டும் என்றால் வெள்ளைச் சர்க்கரைதான்.

ஆறிய இஞ்சித் தண்ணீரில் இரண்டு எலுமிச்சையின் சாறு, வடிகட்டிய இஞ்சி முளைத் தண்ணீர் 200 மில்லி, மிச்சத்துக்கு ஆறிய தண்ணீர் சேர்த்து, 1.8 லிட்டர் வரை கொண்டு வாருங்கள். மிச்ச 200 மில்லி இடம் சாயத்துக்கு. சாயத்தை இப்போது சேர்க்காதீர்கள். துணி மூடி ஓர் இரவு விடுங்கள்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறேன் என்றால், ஈஸ்ட் பெருகும்போது அதன் உடம்பில் பூச்சாயம் ஒட்டிக்கொண்டு, அடியில் கலங்கலோடு படிந்துவிடும். முதலிலேயே சாயம் போட்ட பாட்டில்களில் அடிக் கலங்கல் அழகான ரோஜா நிறத்திலும், மேலே இருக்கும் பானம் வெளிறியும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய பீர் காய்ச்சுபவர்களும் பழங்களை முதல் நொதிப்பு அடங்கிய பிறகு சேர்ப்பது வழக்கம்.

சிவப்பு எதிலிருந்து

செம்பருத்தியில் தொடங்குங்கள். ஒற்றை அடுக்கு, அடர் சிவப்புப் பூ. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் பல வீட்டு வாசலில் சாமிக்குப் பறிக்க ஒரு செடி நிற்கும். "அக்கா, நாலு பூ பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. பூக்கடைப் பூ வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். சாமிக்குச் சாற்றி வாடிய பூவும் வேண்டாம். இரண்டு லிட்டருக்கு 20 பூ. பச்சைக் காம்பையும், நடுவில் மகரந்தம் ஒட்டிய தண்டையும் கிள்ளி எறிந்து, இதழை மட்டும் கழுவி, 150 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பு அதிகமாகும். இதழ் வெளுத்து, தண்ணீர் கருநீலம் போல ஆகும். பயப்படாதீர்கள். அரை மூடி எலுமிச்சையைப் பிழியுங்கள், அந்த நொடியே பளீர் சிவப்பாக மாறும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்தக் கணம் அலுக்கவில்லை. செம்பருத்தியில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம். பதிமுகத்துக்கு நேர் எதிர்.

இதைவிட உசத்தி, சிவப்புப் புளிச்சகீரைச் செடியின் பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் சதைப்பற்றான சிவப்பு இதழ்கள். நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கோங்குரா என்றால் உடனே புரியும். உலர்ந்தது ஹைபிஸ்கஸ் டீ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. அதுவே புளிப்பானது, அதனால் எலுமிச்சைகூட வேண்டாம். இரண்டு லிட்டருக்கு 20 கிராம், வெந்நீரில் கால் மணி நேரம். ராத்திரி குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் துவர்ப்பு குறையும். நிறம் ஆழமாக, நாள்பட நிற்கும். இது கிடைத்தால் நான் வேறு எதையும் தேடுவதில்லை. இதைச் சேர்ப்பதாக இருந்தால், முன்னதாக இஞ்சித் தண்ணீரில் போடும் எலுமிச்சையை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பீட்ரூட் எல்லோர் மனதிலும் முதலில் வரும். அதன் நிறமி வேறு குடும்பம், பீட்டாலைன். புளிப்பிலும் நிறம் மாறாது, அது நல்ல செய்தி. சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் பழுப்பேறும், அது கெட்ட செய்தி. இன்னொரு சிக்கல் மண் வாசனை. முதல் மழை பெய்தால் மண்ணிலிருந்து கிளம்புகிற வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. மழையில் மனதை மயக்குவது டம்ளரில் நன்றாக இல்லை. அது தோலில் அதிகம், அதனால் தோலைத் தடிமனாகச் சீவுங்கள். துருவி, எலுமிச்சைச் சாறு கலந்து கால் மணி நேரம் வைத்துப் பிழியுங்கள். புளிப்பு அந்த வாசனையைக் கொஞ்சம் அடக்கும். இரண்டு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சாறுக்கு மேல் போகாதீர்கள். தனியாகப் போட்டால் நிறம் சிவப்பாக இராது, கத்திரிப்பூ கலந்த ரோஸாகத்தான் இருக்கும்.

மாதுளைச் சாறு நல்ல நிறம், விலைதான் இடிக்கும். ஆடி, ஆவணியில் நாவல் பழம் வரும்போது ஒரு முறை முயன்று பாருங்கள், ஊதாச் சிவப்பும் துவர்ப்பும் இஞ்சியோடு நன்றாகச் சேரும். சங்குப்பூ வேண்டாம், புளிப்பில் ஊதாவோடு நின்றுவிடும்.

மறுபடி பதிமுகம்

இவ்வளவு செய்தும் என் பாட்டில்கள் ரோஸாகத்தான் இருந்தன. பன்னீர் சோடா நிறம். அழகுதான், ஆனால் நான் கேட்ட சிவப்பு அதுவல்ல. அப்போது நினைவுக்கு வந்தது மேல்நாட்டுச் சிவப்பு ஏல். அயர்லாந்துப் பாணிச் சிவப்பு பீரில் சிவப்பான பொருள் எதுவும் போடுவதில்லை. வறுத்த பார்லியைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். பொன்னிறத்தின் மேல் அந்தக் கருமை ஒரு துளி விழும்போது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. அதாவது ஒரு நிறத்தைத் தனியாகத் தேடாமல் இரண்டைச் சேர்த்து எட்டலாம்.

ரோஸில் குறைவது மஞ்சள். புளிப்பில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறுகிற பொருள் ஏற்கெனவே என் அலமாரியில் இருந்தது. செம்பருத்தி வடிநீர் 150 மில்லியில், பதிமுக வடிநீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஸ்பூனில் ரோஸ் போய், மாணிக்கச் சிவப்பு வந்துவிட்டது. நாலைந்தைத் தாண்டினால் செங்கல் நிறமாகிறது. அன்றிலிருந்து பதிமுகம் என் அடுப்படியை விட்டுப் போகவில்லை.

உங்கள் பூவும் எலுமிச்சையும் என்னுடையதைப் போலவே இருக்காது. அதனால் ஸ்பூன் கணக்கை அப்படியே எடுக்காமல், முதலில் கால் டம்ளரில் கலந்து பாருங்கள். டம்ளரை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் பார்ப்பதைவிடப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. பாட்டிலில் இருப்பது டம்ளரில் ஊற்றும்போது இன்னும் வெளிறித் தெரியும் என்பதால் ஒரு படி அடர்த்தியாகவே கலக்குங்கள்.

பாட்டிலில்

காலையில் துணியை எடுத்துவிட்டு, அடிக் கலங்கலைக் கிளறாமல், மேலே இருக்கும் பானத்தை வேறு பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். நன்றாக ஆறிய சாயத்தை இப்போது சேருங்கள். சூடாக ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

கூல்டிரிங்க்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்கள்தான் இதற்கு ஏற்றவை, வாயு அழுத்தம் தாங்கவே செய்தவை. தண்ணீர் பாட்டில் வேண்டாம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை வெந்நீரில் கழுவினால் சுருங்கிவிடும், சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். கண்ணாடி பாட்டில் புதிதாகச் செய்பவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். ஒரு சித்திரை மாதம், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே நான் மறந்து வைத்த கண்ணாடி பாட்டில் வெடித்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம். கண்ணாடித் துண்டு எதிர்ச்சுவர் வரை போயிருந்தது. அதற்குப் பிறகு நான் கண்ணாடியைத் தொடவே இல்லை. கோலி சோடா பாட்டில் பார்க்க அழகு. ஐராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஆனால் அதைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்தத்தில் நிரப்ப இயந்திரம் வேண்டும், வீட்டில் முடியாது.

மேலே மூன்று விரல் இடம் விட்டு, மூடியை இறுக்குங்கள். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்திலிருந்தே பாட்டிலை அழுத்திப் பாருங்கள். முதலில் மெத்தென்று உள்ளே போகும். விரலுக்கு எதிராக லேசாக விறைத்து நின்றதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கல்லாகும் வரை காத்திருக்க வேண்டாம். மே மாதத்துக் கத்திரி வெயிலில் எட்டு மணி நேரம்கூடப் போதும், குளிர் நாளில் ஒரு நாள் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள்.

வெளிச்சம் இந்தச் சிவப்புக்குப் பெரிய பகை. ஜன்னல் ஓரம் வைத்த பாட்டில் நிறம் சீக்கிரம் செத்துவிடும். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் வையுங்கள். புளிச்சகீரைச் சிவப்பு ஒரு வாரம் நிற்கும். செம்பருத்தி நாலைந்து நாளில் மங்கத் தொடங்கும், பீட்ரூட் அதற்கு முன்னாலேயே. எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜிலும் ஈஸ்ட் மெல்ல வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அதனால் தினம் ஒரு முறை அழுத்திப் பார்த்து, இறுகியிருந்தால் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வாயுவை விடுங்கள். திறக்கும்போது கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்து, மெல்லத் திறவுங்கள். கடைசி ஒரு விரல் கலங்கலை ஊற்றாமல் விட்டுவிட்டால் டம்ளரில் சிவப்பு தெளிவாக இருக்கும்.

நொதிக்காமல்

குழந்தைகளும் மற்றவர்களும் குடிக்க: 50 கிராம் இஞ்சியை நசுக்கி 150 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, 150 கிராம் சர்க்கரை கரைத்து ஆறவையுங்கள். அதில் எலுமிச்சை பிழிந்த செம்பருத்தி வடிநீர் 100 மில்லி, பதிமுக வடிநீர் இரண்டு ஸ்பூன். இந்தப் பாகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். டம்ளரின் அடியில் மூன்று மேசைக்கரண்டி பாகை ஊற்றி, கோலி சோடாவை உடைத்து, டம்ளரின் ஓரமாக மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். கிளறாமல் கொடுத்தால் அடியில் அடர் சிவப்பும் மேலே வெளிர் ரோஸுமாக நிற்கும். சில சோடாக்கள் பாகின் புளிப்பைக் குறைத்துவிடும், ஊற்றியதும் நிறம் ஊதாவுக்குப் போனால் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் திரும்பிவிடும். ஆயாவுக்கு இப்போது நான் கொண்டுபோய்க் கொடுப்பது இதைத்தான்.